ரிங்கில் நாயைப் பிடித்து நிற்க வேண்டியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நாய்க் கண்காட்சி பற்றிய செய்தியும், கோப்பை வென்ற ராஜபாளையம் நாயின் படமும் வெளிவந்திருந்தன. படத்தில் நாயின் பக்கத்தில் கோட்டு அணிந்து நின்றவரை அதன் உரிமையாளர் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். நானும் அன்று அந்த மைதானத்தில் இருந்தேன். படத்தில் இருப்பவர் உரிமையாளர் அல்லர். கட்டணம் பெற்றுக்கொண்டு பிறருடைய நாய்களைப் போட்டியில் நடத்திக் காட்டும் தொழில்முறை ஹேண்ட்லர். குட்டியாக இருந்த நாள் முதல் அந்த நாயைச் சோறூட்டி வளர்த்தவர், படம் எடுக்கப்பட்டபோது பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். இதைப் பிழை திருத்தமாக மட்டும் நான் எழுதவில்லை. சொந்த நாயை உரிமையாளரே ரிங்கில், அதாவது நடுவர் முன் நாயை நடத்திக் காட்டும் களத்தில், இறக்குவதா, ஹேண்ட்லரிடம் ஒப்படைப்பதா என்ற கேள்வி, நம் நாட்டு நாய் இனங்களை வளர்ப்பவர்களுக்கு மற்ற எவரையும்விட முக்கியமானது என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கண்காட்சியில் நடப்பதை அறியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே நாய்கள் ஒன்றோடொன்று அழகுக்காக ஒப்பிடப்படுவதில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் எழுதி வைக்கப்பட்ட இலக்கணம் உண்டு, அதற்கு எந்த நாய் மிக நெருங்கி நிற்கிறது என்பதையே நடுவர் பார்க்கிறார். நாயை அசையாமல் நிறுத்த வேண்டும். நடுவர் உதட்டை விலக்கிப் பல்வரிசையைப் பார்ப்பார், தோளையும் விலாவையும் தொடைகளையும் கையால் தடவிப் பார்ப்பார், ஆண் நாயாக இருந்தால் இரு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று சோதிப்பார். பிறகு நேராகவும், முக்கோணமாகவும், வட்டமாகவும் ஓட்டிக் காட்டச் சொல்வார். இவை அனைத்துக்கும் சேர்த்து ஒரு நாய்க்கு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் கிடைப்பதில்லை. அந்தச் சில நிமிடங்களில் நாயின் குறையை மறைத்து நிறையை எடுத்துக்காட்டுவது எளிய வேலையன்று. நல்ல ஹேண்ட்லர் ஒருவர் நாயின் முன்னங்கால்களை ஒரே அசைவில் சரியான இடத்தில் வைத்துவிடுவார். எந்த வேகத்தில் ஓடினால் அந்த நாயின் எட்டு, அதாவது ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள இடைவெளி, நீளும் என்பது அவருக்கு முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். பல ஆண்டுகள் கூண்டு கழுவி, நாய் குளிப்பாட்டி, மூத்தவர்களிடம் உதவியாளராக நின்று கற்ற தொழில் அது. அவர்கள் கேட்கும் கூலியை நான் ஒருபோதும் குறைவாக எண்ணியதில்லை.

என் வீட்டு ராஜபாளையம் பெட்டை முல்லைக்கு ஒன்றரை வயது ஆனபோது நானும் ஒரு ஹேண்ட்லரையே அமர்த்தினேன். கண்காட்சிக்கு முதல் நாள் மாலை அவர் அதை இரண்டு முறை நடத்திப் பார்த்தார். அடுத்த நாள், ரிங்குக்குள் போகுமுன் என்னிடம் மரியாதையாகவே ஒரு வேண்டுகோள் வைத்தார்: "சார், நீங்க கண்ணுல படாம இருங்க. உங்களைப் பார்த்தா அது என்கிட்ட நிக்காது." நான் பந்தலின் படுதாவுக்குப் பின்னால் போய் நின்று, அதன் கிழிசல் வழியாகப் பார்த்தேன். முல்லையின் வால் பின்னங்கால்களுக்கு இடையில் ஒடுங்கியிருந்தது. காதுகள் பின்னுக்குப் படிந்திருந்தன. ஓடும்போதெல்லாம் தலையை ஒருபுறமாகத் திருப்பிக் கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டே ஓடியது. நடுவர் பல்லைப் பார்க்கக் கையை நீட்டியபோது முழு உடம்பையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. இரண்டாம் முறையும் அவ்வாறே செய்தது. நடுவர் மூன்றாம் முறை முயலவில்லை. தொட்டுப் பார்க்க முடியாத நாய்க்குத் தரம் வழங்க இயலாது என்பது விதி. அந்த ஹேண்ட்லர் மீது எந்தத் தவறும் இல்லை. அவர் வாங்கிய தொகையில் பாதியைத் திருப்பித் தரவும் முன்வந்தார், நான் வாங்கவில்லை. தவறு என்னுடையது. முந்தைய நாள் வரை முகம் தெரியாத ஒருவர் கையில் ஒரு ராஜபாளையத்தைக் கொடுத்துவிட்டு, அது லாப்ரடார் போல் நடந்துகொள்ளும் என்று எதிர்பார்த்தேன்.

இங்கேதான் நம் இனங்களின் இயல்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்றவை வேட்டைக்காரர் சுட்டு வீழ்த்திய பறவையை எடுத்து வந்து கொடுக்கப் பழக்கப்பட்ட இனங்கள்; அந்நியர் ஒருவர் கயிற்றைப் பிடித்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு உடன் போகும். ராஜபாளையமும் கோம்பையும் தோட்டத்தையும் வீட்டையும் காத்தவை; சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் விரட்டியவை. ஒரு வீட்டு மனிதர்களை மட்டும் தம்முடையவர்களாகக் கொண்டு, பிறரை எட்ட நிறுத்துவதே இவற்றின் சிறப்பென்று தலைமுறை தலைமுறையாக நாம் பெருமைப்பட்டு வந்திருக்கிறோம். அந்தக் குணத்தை வளர்த்தெடுத்துவிட்டு, போட்டி நாளன்று மட்டும் அதை விட்டுவிடும்படி நாயிடம் கேட்பது நியாயமாகாது. வெள்ளை ராஜபாளையங்களில் காது கேளாமை பிறவியிலேயே சிலவற்றுக்கு இருப்பதுண்டு. அத்தகைய நாய் தன்னை வளர்த்தவரின் கை அசைவையும் முகத்தையும் கொண்டே உலகைப் புரிந்துகொள்கிறது. அதைப் புதியவர் ஒருவர் கையில் கொடுத்தால் அதற்கு எந்தப் பிடிமானமும் இருக்காது.

அந்தக் கண்காட்சிக்குப் பின் ஆறு மாதம் நானே முல்லையைப் பழக்கினேன். எனக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. ஓடுவதற்கு முழங்கால் இடம் கொடுக்குமா என்ற தயக்கம் இருந்தது. காலை ஆறு மணிக்கு ஊர் மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு முக்கோணமாக நடந்தோம். வேகவைத்த ஆட்டு ஈரலைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். நின்றால் ஒரு துண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தால் ஒரு துண்டு. தபால்காரர், பால்காரர், எதிர்வீட்டுப் பிள்ளைகள் என்று வருவோர் போவோரையெல்லாம் நடுவராக்கி, நான் பக்கத்தில் நிற்க, அவர்கள் கையால் உதட்டை விலக்கிப் பார்க்கச் செய்தேன். முதல் மாதம் உறுமியது. நான்காம் மாதம் அவர்கள் வந்ததும் தானாகவே நின்று முகத்தைக் கொடுத்தது.

நான் செய்த பெரிய பிழை கயிற்றில்தான். ஹேண்ட்லர்கள் சிலர் செய்வதைப் பார்த்து, கயிற்றைத் தாடைக்குக் கீழே இறுக்கி மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து ஓடினேன். நாய் கம்பீரமாகத் தெரியும் என்று எண்ணியிருந்தேன். கழுத்தைத் தூக்கிக் கட்டினால் முன்னங்கால்கள் தரையைச் சரியாகத் தொடாமல் காற்றில் துழாவும் என்பதும், வேட்டை நாயின் நீண்ட எட்டு அதனால் கெட்டுப்போகும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தென் மாவட்டக் கண்காட்சி ஒன்றில் நடுவரே, முதல் சுற்று முடிந்ததும், என் கையைத் தொட்டு, "கயிற்றைத் தளர்த்திவிட்டு இன்னொரு முறை ஓடுங்கள்" என்றார். தளர்த்தினேன். முல்லை கழுத்தை முன்னே நீட்டி, முதுகு அசையாமல், பள்ளி மைதானத்தில் ஓடுவது போலவே ஓடியது. வால் முதுகின் மட்டத்துக்கு எழுந்து நின்றது. அன்று அதன் பிரிவில் இரண்டாம் இடம் கிடைத்தது. முதல் இடம் பெற்ற நாய் முல்லையைவிடத் தோள் அமைப்பில் சிறந்தது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

வெளிநாடுகளில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதைக் கண்காட்சி நடத்தும் நம் சங்கங்கள் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1891 முதல் நடந்து வரும் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் பெரும்பாலான நாய்களை உரிமையாளர்களும் வளர்ப்பாளர்களுமே ரிங்கில் இறக்குகிறார்கள். 2020-ஆம் ஆண்டு அங்கே கண்காட்சியின் தலைசிறந்த நாயாகத் தேர்வான மெய்சி என்ற டாஷ்ஹண்டை அதன் உரிமையாளர் கிம் மெக்கால்மன்ட்டே நடத்திக் காட்டினார். அமெரிக்காவில் நிலைமை வேறு. உயர்மட்டப் போட்டிகளில் தொழில்முறை ஹேண்ட்லர்களின் ஆதிக்கம் அதிகம். அதை உணர்ந்த அந்நாட்டு நாய்ச் சங்கமான அமெரிக்கன் கென்னல் கிளப், உரிமையாளர்கள் தாமே நடத்தும் நாய்களுக்கென்று தனிப் போட்டி வரிசையையே ஏற்படுத்தியிருக்கிறது. தொழில்முறை ஹேண்ட்லர்களும் அவர்களின் உதவியாளர்களும் அதில் கலந்துகொள்ள முடியாது. வழக்கமான போட்டி அப்படியே நடக்கும். அதன் பக்கத்திலேயே இதுவும் நடக்கும். ஹேண்ட்லர்களின் பிழைப்பையும் கெடுக்காத, உரிமையாளர்களையும் ஊக்குவிக்கிற இந்த ஏற்பாட்டை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஹேண்ட்லர்களே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளக் கூடாது. சாம்பியன் பட்டம் ஒரே கண்காட்சியில் கிடைத்துவிடுவதில்லை; வெவ்வேறு நடுவர்களிடம் சான்றிதழ்கள் பெற வேண்டும், அதற்குப் பல ஊர்களுக்குப் போக வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர் நாயோடு கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் எத்தனை முறை போக முடியும்? ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள முதல் வகுப்பில் தனி அறை கிடைக்க வேண்டும். இல்லையென்றால் சரக்குப் பெட்டியிலுள்ள கூண்டில் ஏற்ற வேண்டும். உடல் ஊனமுற்றவர்கள், முதியவர்கள், விடுப்புக் கிடைக்காதவர்கள் ஹேண்ட்லரை நாடுவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் நாயை அவரிடம் கொடுப்பவர், போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பே கொடுத்துப் பழகவிட வேண்டும். என்ன உணவு, எந்தக் கால்நடை மருத்துவர், எத்தனை நாய்களோடு ஒரே வண்டியில் பயணம், ஒரே நேரத்தில் இரண்டு ரிங்குகளில் அழைப்பு வந்தால் நாய் யார் கையில் இருக்கும் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவரின் சிப்பிப்பாறை, பெருநகரம் ஒன்றில் மூன்று வாரம் தங்கிவிட்டு வந்தபோது, சிமெண்ட் தரையில் படுத்து இரு முழங்கைகளும் புண்ணாகியிருந்தன. காதுமடல் முழுக்க உண்ணி. கொழுப்பில்லாத மெல்லிய தோல் கொண்ட அந்த இனத்துக்குச் சாக்கு விரிப்பாவது போட வேண்டும் என்று அங்கே யாரும் எண்ணவில்லை. மூன்று வாரமும் அவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "நல்லா இருக்கு" என்ற ஒரே பதில்தான் வந்தது.

நம் சங்கங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. கண்காட்சிக்கு முந்தைய மாலையில், ரிங் எப்படியும் தயாராக இருக்கும் நேரத்தில், புதியவர்களுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி கொடுக்கலாம். அனுபவமுள்ள ஹேண்ட்லர்களையே ஊதியம் கொடுத்து ஆசிரியர்களாக அழைக்கலாம். நாட்டு இனங்களுக்கான பிரிவுகளில் உரிமையாளரே நடத்தும் நாய்களுக்குத் தனிப் பரிசு ஒன்று வைக்கலாம். சிறுவர்களுக்கான ஹேண்ட்லிங் போட்டியில் நாயை மதிப்பிடாமல் பிள்ளை அதை நடத்தும் விதத்தை மட்டும் மதிப்பிடுகிறார்கள். அந்தப் போட்டியை ராஜபாளையம், தேனி போன்ற ஊர்களிலும் நடத்தினால், வீட்டில் கோம்பையோடு வளரும் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்வார்கள். நாட்டு இனக் குட்டி வாங்கிச் செல்வோரிடம், தடுப்பூசி அட்டையோடு, குட்டியைத் தொடப் பழக்குவது எப்படி என்று ஒரு பக்கக் குறிப்பையும் கொடுத்தனுப்பலாம். 2005-இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியிட்ட நாடு இது. 2020-இல் பிரதமர் தம் வானொலி உரையில் நம் இனங்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அதன் பிறகு குட்டிகளின் விலை ஏறியது. அவற்றை ரிங்கில் நிறுத்தத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை, நான் பார்த்தவரை, அந்த அளவுக்குக் கூடவில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கோப்பை வென்ற நாயின் படத்தை வெளியிடும்போது, கயிற்றைப் பிடித்திருப்பவர் உரிமையாளரா ஹேண்ட்லரா என்று கேட்டு எழுதுங்கள். இருவர் பெயரையும் போடுவதில் இடம் அதிகம் போகாது. அன்று வென்ற அந்த ராஜபாளையத்தின் உரிமையாளர் செங்கல் சூளையில் கணக்கெழுதுபவர். தம் நாய் வென்ற செய்தி வந்த நாளிதழில் தம் பெயர் இல்லாததை வீட்டில் உள்ளவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், அந்தப் பக்கத்தை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். அவரை அடுத்த கண்காட்சிக்குள் கயிறு பிடிக்கப் பழக்கிவிடுவதாக நான் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவரும் நாயும் பள்ளி மைதானத்துக்கு வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.