முப்பது மார்க்

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ போன் செய்தபோது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் உன் குரல் பாதி, குழாய்த் தண்ணீர் பாதி. "எல்லாரும் ஆன்லைன்ல போடுற ஸ்கோரைப் பார்த்தா நான் காலேஜுக்கு அப்ளை பண்றதே வேஸ்ட்டுன்னு தோணுதும்மா. இதெல்லாம் நிஜமா?" என்று கேட்டாய். "எல்லாம் புளுகு, போய்த் தூங்கு" என்றேன். நீயும் சரி என்று வைத்துவிட்டாய்.

அப்புறம்தான் உறுத்தியது. புளுகு என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ தூங்க வேண்டும் என்பதற்காகச் சொன்ன பதில் அது. போனில் மறுபடி ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

அப்பா தூங்கப் போன பிறகு, இந்த அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த பிள்ளைகள் தங்களைப் பற்றி இணையத்தில் போட்டதையெல்லாம் எடுத்து நீ அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பதினொரு பிள்ளைகள். பெயர் இல்லை, முகம் இல்லை. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 1600-க்கு 1570, பள்ளி மார்க்கின் சராசரியான ஜிபிஏ 4.7, பள்ளியிலேயே படிக்கிற கல்லூரித் தரப் பாடமான ஏபி பதினான்கு, ஓர் அறக்கட்டளையின் நிறுவனர், ஓர் ஆய்வுக் கட்டுரை. அதற்குக் கீழே எங்கே இடம் கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்ற பட்டியல். படித்து முடித்தபோது எனக்கே மூச்சு முட்டியது. உனக்குப் பதினேழு வயது.

நான் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள், எண்ணைப் பார்த்தால் கூட்டாமல் இருக்க முடியாது. ஒரு பையன் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் போட்டிருந்தான். ஆராய்ச்சி 20, டென்னிஸ் 18, தொண்டு 15, இன்டர்ன்ஷிப் 15, வயலின் 14, விவாதக் குழு 12. மொத்தம் 94. பள்ளிக்கூடம் 35. ராத்திரி ஆறு மணி நேரம்தான் தூங்குகிறான் என்று வைத்தாலும் 42. ஆக 171. வாரத்தில் இருப்பதே 168 மணி நேரம்! சாப்பிடாமல் குளிக்காமலேயே மூன்று மணி நேரம் கடன் வாங்கியிருக்கிறான். திருடனைப் பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரே குஷி.

அந்தக் குஷி அதிக நேரம் நிற்கவில்லை. பல கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பமாகப் போகிற உன் காமன் ஆப் படிவத்தை நாம் சேர்ந்து பார்த்தது ஞாபகம் வந்தது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே வருஷத்துக்கு எத்தனை வாரம் என்று இன்னொரு கட்டம் இருக்கிறதே. டென்னிஸ் பன்னிரண்டு வாரம்தான், இன்டர்ன்ஷிப் கோடையில் எட்டு வாரம்தான் என்றால் அவன் கணக்கு நேராகிவிடும். வெளியே சொல்லும்போது அந்த இரண்டாவது எண்ணை மட்டும் விட்டிருக்கிறான். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1570-உம் அப்படித்தான் இருக்கலாம். ஒரு பெண் மார்ச்சில் கணிதத்தில் 800, ஆங்கிலத்தில் 700 வாங்குகிறாள் என்று வை. ஆகஸ்டில் கணிதம் 750, ஆங்கிலம் 770. எந்த நாளிலும் அவள் 1520-க்கு மேல் வாங்கவே இல்லை. ஆனால் நல்லதோடு நல்லதைச் சேர்த்து எடுத்துக்கொள்கிற கல்லூரிக்கு அவள் 1570 தான். சூப்பர்ஸ்கோர். அதை அப்படியே எழுத அவளுக்கு உரிமை உண்டு. படிக்கிற உனக்கு மட்டும், அவள் ஒரு சனிக்கிழமை காலையில் போய் உட்கார்ந்து 1570 அடித்துவிட்டு வந்த மாதிரி தெரிகிறது. ஜிபிஏ இன்னும் மோசம். சில பள்ளிகள் ஏபி வகுப்புக்கு ஒரு புள்ளி கூட்டித் தருகின்றன, உன் பள்ளி போல 4.0-க்கு மேல் போகவே விடாதவையும் இருக்கின்றன. 4.7-ஐயும் 3.9-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ரூபாயையும் டாலரையும் கூட்டுவது மாதிரி.

எங்கள் காலத்தில் இந்தக் கலை கல்யாண பயோடேட்டாவில் இருந்தது. உன் அப்பாவுடையதில் "இசையில் ஆர்வம் உண்டு, நன்றாகப் பாடுவார்" என்று இருந்தது. கேட்டால், பள்ளியில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிற குழுவில் இரண்டு வருஷம் நின்றாராம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்களே, இப்போது அது காலேஜ் சீட்டுக்கு வந்துவிட்டது.

சரி, விளையாட்டை விடு. அந்தப் பதினொரு பேரும் சத்தியவான்கள், ஓர் எண்ணில்கூடப் பிசகில்லை என்றே வைத்துக்கொள். அப்போதும் அந்தப் பட்டியல் உன்னை ஏமாற்றும். ஏனென்றால் 1200 வாங்கினவன் வந்து உட்கார்ந்து தன் கதையை எழுத மாட்டான். 2024-இல் பள்ளி முடித்தவர்களின் எஸ்ஏடி சராசரி 1024. அந்தச் சராசரிப் பிள்ளை நீ பார்த்த இடத்தில் எங்காவது இருந்ததா? எழுத ஆசைப்படுகிறவர்கள் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். அதே வருஷம் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 54,000 பேர், இடம் கிடைத்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. 1570 வைத்துக்கொண்டும் கிடைக்காமல் போனவர்களில் எத்தனை பேர் தங்கள் பட்டியலைப் போட்டிருப்பார்கள்? யாரும் எழுதாமல் விடுகிற இன்னொரு விஷயமும் உண்டு. பதினொரு பேரில் ஒருவர்கூட "என் தாத்தா அங்கே படித்தவர்" என்றோ, "பயிற்சியாளர் முதலிலேயே என்னைப் பார்த்து வைத்திருந்தார்" என்றோ சொல்லவில்லை. லெகசியும், அதாவது குடும்பத்தில் அங்கே படித்தவர் இருப்பதும், விளையாட்டு வீரர் சேர்க்கையும் எவ்வளவு கனமானவை என்று ஹார்வர்டின் மாணவர் சேர்க்கை மீது வழக்கு நடந்தபோது நாமெல்லாம் படித்தோம்.

நல்லதை மட்டும் காட்டுகிற இந்த வேலையைக் கல்லூரிகளே செய்கின்றன. 2020-இல் கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் எஸ்ஏடி அனுப்புவது உன் விருப்பம் என்று ஆக்கினார்கள் இல்லையா? நல்ல ஸ்கோர் இருப்பவர்கள் அனுப்பினார்கள், குறைந்தவர்கள் அனுப்பவில்லை. கல்லூரி வெளியிடுகிற ஸ்கோர் தானாக ஏறிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. அதனால் எண் பார்க்கத்தான் வேண்டும் என்றால், கல்லூரிகள் தங்கள் புள்ளிவிவரத்தை ஒரே மாதிரிப் படிவத்தில் வெளியிடுகிற காமன் டேட்டா செட்டைத் திற. பெரும்பாலான கல்லூரிகள் வருஷா வருஷம் போடுகின்றன. அதில் சி என்ற பகுதியில், சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் ஸ்கோர் அனுப்பினார்கள் என்பதும் இருக்கும். அந்தச் சதவீதத்தைப் பார்த்துவிட்டு ஸ்கோரைப் பார். முகம் தெரியாத பதினொரு பேரைவிட அது பரவாயில்லை.

அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லமாட்டேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஒருவர், மைக்கேல் தாடியஸ், தரவரிசைப் பட்டியலுக்குத் தன் பல்கலைக்கழகமே கொடுத்த எண்களை உட்கார்ந்து சரிபார்த்து, பல இடங்களில் பொருந்தவில்லை என்று 2022-இல் எழுதினார். அந்த வருஷமே தப்பான தரவு போயிருக்கிறது என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. இரண்டாம் இடத்திலிருந்து பதினெட்டாம் இடத்துக்கு இறங்கியது. இன்னும் பழசு ஒன்று: எம்ஐடியில் மாணவர் சேர்க்கைக்கே தலைவராக இருந்த மேரிலி ஜோன்ஸ், தான் வாங்காத பட்டங்களை வாங்கியதாகச் சொல்லித்தான் வேலையில் சேர்ந்தார் என்பது தெரியவந்து 2007-இல் விலகினார். இருபத்தெட்டு வருஷம் அங்கே வேலை பார்த்தவர். பிள்ளைகளின் விண்ணப்பத்தைப் படித்து இவன் நேர்மையானவனா என்று பார்க்க வேண்டிய நாற்காலி அது.

முழுப் புளுகும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 2024-இல் பென்சில்வேனியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில், நம் நாட்டிலிருந்து வந்த ஒரு மாணவன் மதிப்பெண் சான்றிதழிலிருந்து எல்லாவற்றையும் போலியாகச் செய்து உதவித்தொகையோடு சேர்ந்திருந்தான். உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு இறப்புச் சான்றிதழ் தயார் செய்திருந்தான். பெயர் சொல்லாமல் தன் சாமர்த்தியத்தை இணையத்தில் அவனே எழுதி வைக்க, படித்த ஒருவர் விடாமல் துருவித் தகவல் கொடுத்தார். கைது, ஒப்புதல், ஊருக்குத் திரும்புதல். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அவனைப் பற்றிய கோபத்தைவிட அந்த அப்பாவைப் பற்றிய நினைப்புதான் அதிகம் இருந்தது.

ஆனால் பாப்பா, இதையெல்லாம் நான் எழுதுவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. சுற்றி வளைத்துக்கொண்டு வருகிறேன், நீ கண்டுபிடித்திருப்பாய்.

தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தோமே, நீ வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா கேட்டார், "அவ எஸ்ஏடி எவ்வளவு?" என்று. அவர் மகன் 1540 என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நான் "1500" என்றேன்.

உன் ஸ்கோர் 1470. எனக்கு நன்றாகத் தெரியும், கடிதம் மாதிரி அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறவள் நான். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் சோறு இருந்தது, எண் அப்படியே வழுக்கி வந்தது. முப்பது மார்க்தானே, டிசம்பரில் மறுபடி எழுதினால் வந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அன்று ராத்திரியே மாமா அதைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிட்டார். ஆளாளுக்கு வாழ்த்து. நான் கை கூப்புகிற படம் ஒன்றைப் போட்டேன். அந்தப் படம் போட்டதுதான், இப்போது நினைத்தால், முதல் பொய்யைவிட மோசம். அதற்கு யோசிக்க நேரம் இருந்தது.

போன வாரம் சித்தி போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக, "எங்க வீட்டுல இவ அழுதுட்டிருக்கா, பிஎஸ்ஏடி சரியா வரலையாம். அக்கா மட்டும் எப்படி 1500 வாங்கினா, பாருன்னு சொன்னேன்" என்றாள். அந்தப் பிள்ளை பத்தாவது படிக்கிறது, எழுதியது எஸ்ஏடிக்கு ஒத்திகைத் தேர்வுதான். நான் போனைப் பிடித்துக்கொண்டு "ஊம்" என்றேன்.

அதற்குப் பிறகு நேற்று நீ அழைத்து, "இதெல்லாம் நிஜமா?" என்கிறாய். உனக்கு முன்னால் அந்தப் பதினொரு பேர் நிற்கிற மாதிரி அந்தக் குழந்தைக்கு முன்னால் நீ நிற்கிறாய், நான் கூட்டிக் கொடுத்த முப்பது மார்க்கோடு. அதனால்தான் "எல்லாம் புளுகு" என்று அவ்வளவு சீக்கிரம் என் வாயில் வந்ததோ என்னவோ. புளுகுகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று நான் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

என் அனுபவத்தில் சொல்கிறேன், அவர்களில் பாதிப் பேர் யாரையும் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார்கள். யாரோ கேட்டிருப்பார்கள், பக்கத்தில் ஒரு 1540 இருந்திருக்கும்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. நூலகத்தில் வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டரில் படிவம் நிரப்ப உதவுகிறாயே, வாரம் மூன்று மணி நேரம், அதை ஆறு என்று போடலாமா என்று அக்டோபரில் கேட்டாய். "உன் இஷ்டம்" என்றேன். அதுவும் ஒரு நழுவல்தான். மூன்று என்றே போடு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகங்கள் சிலரைச் சும்மா பொறுக்கி எடுத்து ஆதாரம் கேட்கின்றன என்பதற்காகச் சொல்லவில்லை. மூன்றுதான் என்பதற்காகச் சொல்கிறேன். அந்தக் கட்டத்தில் 150 எழுத்துதான் இடம் என்று புலம்பினாய். அதில், ஒரு தாத்தா தன் பாஸ்வேர்டை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டு மூன்று வாரம் அதே வேலைக்கு வந்தார் என்று சொன்னாயே, அதைச் சுருக்கி எழுத முடியுமா பார். படிவத்தில் செயல்பாடுகளுக்கு இருக்கிற பத்துக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்று சட்டம் இல்லை. ஏழு போதும்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளை நான் அழித்துவிட்டேன். நீ அழிக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன், விண்ணப்பக் கெடு முடிகிற ஜனவரி 1 வரை பார்க்காமல் இரு, முடிந்தால்.

சனிக்கிழமை காலையில் முதலில் சித்திக்குப் போன் செய்து 1470 என்று சொல்லப் போகிறேன். அந்தப் பிள்ளையிடமே போனைக் கொடுக்கச் சொல்லி, அவளிடமும். அப்புறம் மாமாவுக்கு. அவர் சிரிப்பார், அத்தை சிரிக்கமாட்டாள். வாட்ஸப்பில் எப்படிப் போடுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை, இரண்டு தரம் எழுதி அழித்துவிட்டேன். உனக்கு ஏதாவது தோன்றினால் அனுப்பு. உன் மார்க், உன்னைக் கேட்காமல் நான் ஏற்றியது. இறக்கும்போதாவது உன்னைக் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா