பாராட்டு போதும், பாடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுமையில் கலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் ‘மனதுக்கு நிம்மதி, பொழுதும் போகும்’ என்ற ஒரே பல்லவியோடு முடித்துவிட்டீர்கள். பொழுது போக்க எத்தனையோ வழி இருக்கிறது. அதற்கு ஓவியம் எதற்கு?

பணி ஓய்வுக்குப் பிறகு படம் வரையக் கற்றுவருகிறேன். முதலில் சேர்ந்த ‘மூத்தோர் வகுப்பில்’ அச்சடித்த பூப்படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். கோட்டைத் தாண்டிப் பூசினாலும் “பிரமாதம் ஐயா!” கைதட்டல் வேறு. எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூட இவ்வளவு தாராளம் காட்டமாட்டார்கள். இப்போதைய ஆசிரியை என் மகள் வயதுக்காரர். “தோள்பட்டை இறங்கியிருக்கு சார், கழுத்து தனியா நிக்குது. அழிச்சிட்டு மறுபடி போடுங்க” என்பார். அதைக் கேட்கத்தான் ஓடுகிறேன். தூரிகையை என்னால் இறுக்கிப் பிடிக்க முடியாது என்றதும் அதன் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்கித் தந்தவரும் அவர்தான். படத்தில் மட்டும் சலுகை கிடையாது.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மேரி டிலேனி, வண்ணத்தாளை வெட்டிக் கறுப்புப் பின்னணியில் ஒட்டிப் பூக்களை உருவாக்கத் தொடங்கியது எழுபது கடந்த பிறகு. நிஜச் செடியைப் பார்த்தே செய்தார். தாவரவியல் பெயரையும் குறித்துவைத்தார். பார்வை மங்கி நிறுத்துவதற்குள் ஏறத்தாழ ஆயிரம் பூக்கள். இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஓவியர் மத்தீஸ், 1941இல் நடந்த பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தார். உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டியே புதிய பாணியைக் கண்டார். இவர்களா பொழுது போக்கினார்கள்?

அமெரிக்க முதியோர் மனநல மருத்துவர் ஜீன் கோஹன் 2001இல் தொடங்கிய ஆய்வையும் சொல்ல வேண்டும். சேர்ந்திசைக் குழுவில் பாடிய மூத்தவர்கள், பாடாத ஒப்பீட்டுக் குழுவினரைவிடக் குறைவாக மருத்துவரிடம் போனார்கள், குறைவாக மருந்து எடுத்தார்கள், கீழே விழுவதும் குறைந்தது. ஆர்வத்தோடு முன்வருபவர்கள் முதலிலேயே கொஞ்சம் தெம்பானவர்களாக இருந்திருக்கலாம், சரி. ஆனால் அது ஏனோதானோ பாட்டு இல்லை என்பதைக் கவனியுங்கள். தேர்ந்த இசை நடத்துநர், வாராவாரம் ஒத்திகை, மேடைக் கச்சேரி எல்லாம் உண்டு. கச்சேரித் தேதி நெருங்கும்போது வரும் பதற்றம் இருக்கிறதே, எங்களுக்கு அதுவும் வேண்டும்.

எனவே ஒரு வேண்டுகோள். வாசகர் ஓவியப் பக்கத்துக்கு மூத்தவர்கள் அனுப்பும் படங்களை ‘இந்த வயதிலும்!’ என்று தனிப் பெட்டி கட்டிப் போடாதீர்கள். மற்றவர்களின் படங்களோடு சேர்த்தே தேர்வு செய்யுங்கள். சரியில்லாததைத் திருப்பி அனுப்புங்கள். எது சரியில்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது. என் படம் அடுத்த வாரத் தபாலில் வருகிறது.

இப்படிக்கு,
ஒரு மூத்த வாசகர்