நாச்சிமுத்துவுக்கு: ஏழு எழுத்துச் சமாச்சாரம்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நாச்சிமுத்து,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் சொல்லப் போவதில்லை; சொன்னாலும் நீ நம்பமாட்டாய். இங்கே எல்லாரும் சௌக்கியம். என் முழங்கால் அப்படியேதான். ஆழியாற்றுத் தண்ணீருக்கு வருஷா வருஷம் நடக்கிற சண்டை இந்த வருஷமும் நடக்கிறது. கோபாலன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம், பத்திரிகை வரும். வராவிட்டால் அவனைத் திட்டு, என்னை விட்டுவிடு. வாத்தியார் சைக்கிளை எடுத்தது யார் என்று ஒருவன் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறான். யார் என்று உனக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி மித்ராவுக்கு ஸ்க்ராபிள் பைத்தியம், எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் ஆக்குகிற ஆட்டம். சனிக்கிழமை பாலக்காட்டிலிருந்து பஸ் இறங்கியதும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டுப் பலகையை விரிக்கிறாள். எதிராளி நான்தான். ஆளுக்கு ஏழு எழுத்துக் கட்டை. ஏழையும் ஒரே வீச்சில் இறக்கினால் ஐம்பது புள்ளி இனாம். நான் 'கேட்', 'ரேட்' என்று தடவிக்கொண்டிருப்பேன். அவள் கட்டைகளை ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி என்று அகரவரிசையில் அடுக்குவாள், கண்ணை மூடுவாள், சொல்லை இறக்குவாள். அந்த ஏழு எழுத்தும் ஒன்றாகக் கைக்கு வந்தால் இந்த ஆட்டத்தில் லாட்டரி மாதிரி. 'ரிட்டெயின்ஸ்', 'நாஸ்டியர்', 'ஸ்டெயினர்', 'ஸ்டியரின்' எல்லாம் அதே ஏழுதான். வாயால் சொன்னால் ஒன்றுக்கொன்று உறவே தெரியாது, அதுதான் ஆங்கிலத்தின் கிறுக்கு. நீ வாட்ஸப்பில் அனுப்புவாயே, 'லிசன்', 'சைலன்ட்' இரண்டுக்கும் ஒரே எழுத்து என்று, கும்பிடு போடும் பொம்மையோடு? அதையே கலைத்தால் 'டின்சல்' என்ற ஜிகினாவும் வருமாம். அதற்கும் ஒரு தத்துவம் எழுதி அனுப்பு பார்க்கலாம்.

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஆல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கர். கட்டடம் வரைபவர், 1930களின் மந்தத்தில் வேலை போய் வீட்டில் இருந்தவர். செய்தித்தாளை வைத்து எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணித்தான் கட்டைகளுக்குக் கணக்குப் போட்டாராம். மொத்தம் நூறு கட்டையில் ஈ மட்டும் பன்னிரண்டு. எஸ் நாலே நாலுதான். அதிகம் கொடுத்தால் எல்லாவற்றையும் பன்மையாக்கியே பிழைத்துவிடுவோம் என்று மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.

மித்ராவின் அந்த அகரவரிசை அடுக்கலில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. காலமெல்லாம் சுருள்வில் நீட்சிக்கான ஹூக் விதி நடத்தினாயே, அதை அந்த ஆள் முதலில் எப்படி வெளியிட்டார் என்று வகுப்பில் ஒரு நாளாவது சொன்னாயா? 1676இல் விதியைச் சொல்லாமல் அதன் லத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளை மட்டும் வரிசைப்படுத்தி அச்சடித்தார்: ஒரு சி, ஒரு ஈ, மூன்று ஐ, ஒரு என், ஒரு ஓ, மூன்று எஸ், இரண்டு டி, ஒரு யூ, ஒரு வி. நீட்சி எப்படியோ விசையும் அப்படி என்று அதை அவிழ்த்துச் சொன்னது 1678இல். நடுவில் வேறு யாராவது கண்டுபிடித்து வந்தால், நான் முந்தி என்று காட்ட இந்தப் பூட்டு. நம் பஞ்சாயத்தில் நிலத்தகராறு பண்ணுகிறவர்களுக்கு இந்த யோசனை தெரியாமல் இருப்பதே நல்லது.

போன மாதம் 'ரெட்சினா' என்று இறக்கினாள். அப்படியென்றால் என்ன கண்ணு என்றேன். "தெரியாது அப்புச்சி, செல்லும்" என்றாள். அகராதியைப் புரட்டினால் கிரேக்க நாட்டு மதுவாம், பைன் மரப் பிசின் வாசனை ஏற்றியது! கேரளத்தில் பல மாவட்டங்களுக்குக் கள் அனுப்புகிற சித்தூர் தாலுக்காவில் உட்கார்ந்துகொண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளை கிரேக்கக் கள்ளை இறக்கி ஐம்பது புள்ளி இனாம் வாங்குகிறாள். உன் தங்கச்சி அடுப்படியில் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. 'ஸ்டியரின்' என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியுமா? தெரியாது. இரண்டெழுத்துச் சொற்கள் நூற்றுக்கு மேலே மனப்பாடம். ஒன்றிரண்டுக்குத்தான் பொருள் தெரியும். கேட்டால் நைஜல் ரிச்சர்ட்ஸ் கதையைச் சொல்கிறாள். நியூசிலாந்துக்காரர். பிரெஞ்சு பேசத் தெரியாது, சொற்பட்டியலை மட்டும் உருப்போட்டு 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை அடித்தார். 2024இல் ஸ்பானிஷ் பட்டமும். அவருக்கு மட்டும் பொருள் தெரியுமா என்கிறாள். என்ன பதில் சொல்ல?

நாமும் அப்படித்தானே வளர்ந்தோம் என்றும் தோன்றுகிறது. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருகிற சம்பந்தரின் மாலைமாற்றுப் பாட்டை முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒப்பித்துப் பரிசுத் தட்டு வாங்கினோம், பொருள் கேட்டிருந்தால் இருவரும் ஓடியிருப்போம். மலையாள பஸ் போர்டை எழுத்துக் கூட்டியா படித்தோம்? வளைவைப் பார்த்து ஏறினோம். நீ தத்தமங்கலத்தில் போய் இறங்கியதைச் சொல்லவில்லை.

ஆனால் நாச்சிமுத்து, போன வாரம் உன் கடிதத்தை அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். உன் கையெழுத்து கோழி கிளறியதுதான், இருந்தாலும். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, கொம்பு எந்தப் பக்கம் என்று தடுமாறி, ஐந்தாறு வரிக்குள் "நீங்களே படிங்க அப்புச்சி" என்று நீட்டிவிட்டாள். சித்தூர் எழுத்தச்சன் மடத்தில் விஜயதசமிக்கு மலையாள எழுத்தில் ஆரம்பித்தவள்தான். அன்று சாயங்காலமே இங்கே தட்டில் அரிசி பரப்பி அவள் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தேன். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மலையாளம், தமிழ் என்பது என்னோடும் உன் தங்கச்சியோடும் பேசுகிற பேச்சு. நாங்கள் போன பிறகு? இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மருமகன் நல்ல பிள்ளை, வருத்தப்படுவார்.

அதனால் வேறொரு வேலையில் இறங்கினேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டித் தமிழ்க் கட்டை செய்கிறேன். 247 எழுத்து, அதுதான் தலைவலி. 'கொ'வுக்கு ஒரே கட்டையா, கொம்பு, க, கால் என்று மூன்றா? மூன்றாக வெட்டினால் ஆட்டம் தச்சு வேலை ஆகிவிடுகிறது. முழு எழுத்தாகவே வைத்துக்கொண்டேன். யார் பட்ஸ் மாதிரி எண்ணுவது? 'ம்' கொஞ்சம் அதிகம், 'ஙௌ' கிடையாது, அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

நேற்று இலையில் உட்கார்ந்தவள் திடீரென்று, "அப்புச்சி, ரசத்தைக் கலைச்சா சரம்!" என்றாள். சோறு அப்படியே இருக்கிறது, கட்டைகளைக் கொண்டு வந்துவிட்டாள். ரதம், தரம். ரகம், கரம். பொருள் கேட்கவே வேண்டியதில்லை, எல்லாம் அவளுக்குத் தெரிந்த சொல். கொஞ்ச நேரம் கழித்து நாலு எழுத்தில் 'நகரம்' வைத்து, நடுவில் இரண்டை மாற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். இருபது வருஷமாகச் சென்னையில் இருக்கிற உன்னிடம் அது என்னவென்று நான் சொல்ல வேண்டுமா?

ஐந்தெழுத்தில் ஏதாவது தேறுமா என்று யோசித்து எழுது. அவள் பெயருக்கே எழுது, பெரிய எழுத்தாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். ஆவணிக்கு வரும்போது அண்ணியையும் கூட்டி வா. பொள்ளாச்சியில் இறங்கி போன் பண்ணு, கோபாலபுரம் வரை வண்டியோடு ஆள் அனுப்புகிறேன்.

உன்,
ஆறுச்சாமி