பிரேக்கரை மாத்த முதல் வயரைப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு,

மட்டக்களப்பில கல்லடி, களுவாஞ்சிக்குடி பக்கமெல்லாம் இப்ப ஏசி பூட்டுற ஆக்கள் கூடிட்டாங்க, பூட்டின கையோட 16 அம்பியர் பிரேக்கர் அடிக்கடி விழுகுது எண்டு கடையில 32 ஒண்டு வாங்கிப் போட்டுட்டு நிம்மதியா இருக்காங்க. அதுதான் பயமே. பிரேக்கர் காப்பாத்துறது ஏசியை இல்ல, சுவருக்குள்ள ஓடுற வயரை. தனியா ஓடுற 2.5 சதுர மில்லிமீற்றர் வயருக்கு 20 அம்பியருக்கு மேல போடப்படாது (போர்ட்ல இருந்து போய்ச் சுத்தித் திரும்ப போர்ட்டுக்கே வாற ரிங் வயரிங் வேற கணக்கு), மீறினா பிரேக்கர் விழ முதல் வயர் சூடேறி உறை உருகலாம்.

ஏசியோ தண்ணி மோட்டரோ ஸ்டார்ட் ஆகக்குள்ள மட்டும் விழுந்தா அம்பியரைக் கூட்டாதீங்க, பிரேக்கர்ல அம்பியர் நம்பருக்கு முன்னால இருக்கிற எழுத்தைப் பாருங்க. பி16 எண்டா 3 இருந்து 5 மடங்கு கரண்டுக்கே உடன விழும், சி16 எண்டா 5 இருந்து 10 மடங்கு போனாத்தான் உடன விழும். ஆனா சி போட முதல் எர்த் சரியா இருக்கா எண்டு எலக்ட்ரீசியனைக் கொண்டு பார்க்கணும்.

மற்றது, போர்ட்ல ஒரு கம்பனி, பிரேக்கர் இன்னொரு கம்பனி. கிளிப்ல ஏறும்தான், ஆனா பஸ்பார் (பிரேக்கருக்குக் கரண்ட் குடுக்கிற செப்புப் பட்டை) வாய்க்குள்ள சரியா உக்காராம லூசாகிச் சூடேறலாம், இஞ்சத்த கடல் காத்துக்கு கறள் வேற. மலிவு எண்டு வாங்குறவங்க இதை யோசிக்கிறதே இல்ல. சோலார் பெனல் பக்கத்து டிசி (நேரோட்ட) லைனுக்கு வீட்டுக் கரண்டுக்கான சாதாரண ஆடலோட்ட பிரேக்கரைப் போடுறவங்களும் இருக்காங்க, அது அறவே கூடாது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே எண்டும் சொல்லுவாங்க, அது கரண்ட் கசிவுக்கு, ஓவர்லோடுக்கு இல்ல.

கடைக்காரர்மாரும் பிரேக்கர் குடுக்க முதல் வயர் சைஸ் என்ன எண்டு ஒரு கேள்வி கேட்டாலென்ன?

இப்படிக்கு,
கல்லடி வாசகர்