ரொரன்ரோ பக்கத்தில போட்டுகளுக்குப் பாய் தைக்கிற ஆக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இங்கிலீசில உங்களுக்கு ஏழு ஈமெயில் போட்டிட்டன், ரெண்டுக்குத்தான் பதில் வந்தது. இதைத் தமிழில எழுதுறன், ஏனெண்டா மனசில கிடக்கிறது தமிழிலதான் ஒழுங்கா வருது, இங்க எங்கட ஆக்களும் இப்ப போட் வாங்கத் தொடங்கிட்டினம், அவையும் வாசிக்கட்டும். பிறகு இங்கிலீசிலயும் எழுதி உங்கட ஒவ்வொரு லொஃப்டுக்கும், அதுதான் பாய் தைக்கிற பட்டறைக்கும், அனுப்புவன். ஒரு ஆளை மட்டும் சொல்லேல்லை, என்ர டொக்கில நிக்கிற கனபேரிட்ட இதே கதை இருக்கு.

நான் கேக்கிறது ஒண்டே ஒண்டு. பாய் எப்ப வரும் எண்டு ஒரு தேதி எழுதித் தாங்கோ. பிந்துமெண்டா அந்தத் தேதிக்கு முன்னமே நீங்களாச் சொல்லுங்கோ.

என்ர போட் சி அண்ட் சி 27 எண்ட பாய்மரப் போட், இதே ஒன்ராறியோவில எழுபதுகளில கட்டினது. பழைய டக்ரோன் துணி மெயின்செயில், அதுதான் பெரிய பாய், இழுபட்டு வயிறு வைச்சிட்டுது, காத்து கொஞ்சம் ஏறினாலே போட் சரிஞ்சு சுக்கான் கையைப் பிடுங்கும், காத்துக்கு எதிரா ஏறவே ஏறாது. அதால போன ஒக்ரோபரில போட்டைத் தண்ணியால தூக்கின கையோட மெயினும் ஜெனோவா எண்ட முன்பாயும் ஓடர் குடுத்து அரைவாசிக் காசும் கட்டினன். மாரிக்கு முந்தி ஓடர் குடுத்தா டிஸ்கவுண்ட், ஏப்ரல் கடைசியில பாய் கையில எண்டு சொன்னது நீங்கள்தான். அளவெடுக்க வேணுமெண்டு பழைய பாய்களையும் அண்டைக்கே கொண்டு போனியள்.

ஏப்ரலில கேட்டா துணி வரேல்லை. மே மாசம், தைக்கிற இடத்தில கியூ. ஜூன் முழுக்க அடுத்த கிழமை, அடுத்த கிழமை.

அந்த ஜூனிலதான் அப்பா வல்வெட்டித்துறையில இருந்து வந்தவர். 81 வயசு. அவற்ற அப்பா, என்ர அப்பப்பா, ஊரில கப்பலுகளுக்குப் பாய் தைச்ச மனுசன். எங்கட ஊரில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938 இல அமெரிக்காவில குளொஸ்டர் வரைக்கும் கடல் தாண்டிப் போன கதையை அப்பா சொல்லிச் சொல்லித்தான் சின்னனிலயே எனக்கு இந்த விசர் பிடிச்சது. அவரை ஒருநாள் பாய் விரிச்சு ஒன்ராறியோ ஏரியில கொண்டு போகவேணும் எண்டதுதான் நான் இந்தப் பாய்க்குக் காசு சேர்த்த காரணம். அஞ்சு கிழமை நிண்டார். ஒவ்வொரு காலமையும் தேத்தண்ணி குடிக்கேக்க "தம்பி, பாய் வந்ததோ" எண்டு கேப்பார், பிறகு பிறகு கேக்கிறதையும் விட்டிட்டார். ரெண்டு தரம் ப்ளஃபர்ஸ் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனன், வெறும் பாய்மரத்தோட நிண்ட போட்டில ஏறி இருந்து, பாயின்ர அடிப்பக்கம் பிடிக்கிற பூம் தடியைத் தடவிப் பாத்திட்டு இறங்கினார். பழைய பாயாவது இருந்திருந்தா அதைக் கட்டியெண்டாலும் போயிருப்பன், அதுவும் உங்கட லொஃப்டில.

ஜூலை 6 அப்பா பிளேன் ஏறினார். 17 ஆம் தேதி பாய் வந்தது.

வந்த பாயும் பொருந்தேல்லை. மரத்தோட ஓடுற பக்கம் அரை அடிக்கு மேல நீட்டு, உச்சிவரைக்கும் இழுத்து ஏத்தின பிறகும் பூம் தொங்கித் தலையில இடிக்குது. கேட்டா, சி அண்ட் சி 27 இன்ர அளவு ஃபைலில இருந்ததாம். அந்தப் பேரில மார்க் 1, 2, 3 எண்டு வந்ததும், மரத்தின்ர உயரமும் பூமின்ர நீளமும் ஒண்டுக்கொண்டு வித்தியாசம் எண்டதும் எனக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதோ? அப்ப என்ர பழைய பாயை ஒன்பது மாசம் எதுக்கு வைச்சிருந்தனீங்கள்? ஸ்காபரோவுக்கு வந்து டேப் பிடிச்சு அளக்க ஒரு மணித்தியாலம் போகுமோ?

இந்த ஏரியில எங்களுக்குக் கிடைக்கிறதே அஞ்சு, ஆறு மாசம். ஜூலையில காத்துச் செத்துப் போகும், நல்ல காத்து வசந்தத்திலயும் செப்டெம்பரிலயும்தான், அதில பாதியை நீங்கள் எடுத்திட்டியள். ரேஸ் ஓடுற ஆக்களுக்கு எப்பிடிச் சொன்ன கிழமையே பாய் வருது எண்டதையும் நாங்கள் பாத்துக்கொண்டுதான் நிக்கிறம். எங்கட காசும் காசுதானே.

கோபத்தில கூடக் கதைச்சிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பாய் தைக்கிறது லேசான வேலையில்லை எண்டு அப்பப்பாவின்ர பேரன் எனக்குத் தெரியும். துணி பிந்தும், தையல்காரருக்கு வருத்தம் வரும், அதெல்லாம் விளங்குது. ஜூன் முதலாம் தேதியே ஜூலை நடுவிலதான் எண்டு உண்மையைச் சொல்லியிருந்தா என்ர பழைய பாயைத் திருப்பி வாங்கிக் கட்டியிருப்பன், அப்பா ஒருக்கா ஏரியைப் பாத்திருப்பார்.

மெயின் இப்ப திருத்த எண்டு திரும்பவும் உங்களிட்ட வந்திருக்கு. போட் தூக்கிற நாள் ஒக்ரோபர் 18. தயவுசெய்து, இந்த முறையாவது ஒரு தேதி எழுதி அனுப்புங்கோ. அடுத்த கிழமை எண்டு வேண்டாம், தேதி.

நன்றியுடன்,
ப்ளஃபர்ஸ் பார்க்கில நிக்கிற ஒரு சி அண்ட் சி 27 காரன்