மூடும் ஆண்டோடு மாற்று ஏற்பாட்டின் ஆண்டையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய எரிசக்தித் துறைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அனல்மின் நிலையங்களை மூடுவது குறித்த உங்கள் அறிவிப்பை இரண்டு முறை படித்தேன். எந்த நிலையம் எந்த ஆண்டில் மூடப்படும் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய மின்பாதைகளுக்கும் மின்சேமிப்பு நிலையங்களுக்கும் மட்டும் ‘உரிய காலத்தில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரு சொற்களைப் பற்றியதே இம்மடல்.

நிலக்கரியைத் தொடர்ந்து எரிக்குமாறு கேட்பவன் அல்லன் நான். நிலக்கரியிலிருந்து கிடைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது என்பதையும், புவி வெப்பமாவதைக் கட்டுப்படுத்தும் 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் இலக்கு கைநழுவிக்கொண்டிருப்பதையும் அறிவேன்.

நுரையீரல் தளர்ந்த என் தாயார், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவியின் துணையோடு வாழ்கிறார். அதற்கு 350 வாட் மின்சாரம் போதும். சூரியன் மறைந்து, வீடுதோறும் விளக்குகளும் அடுப்புகளும் ஒருசேர இயங்கத் தொடங்கிய நேரத்தில் மின்சாரம் நின்றது. கருவி எழுப்பிய எச்சரிக்கை ஒலியைக் கேட்டுக்கொண்டே, இருட்டில் தடவிச் சிலிண்டரை எடுத்துக் குழாயை மாற்றிப் பொருத்தினேன். மின்சாரம் திரும்பும்வரை சிலிண்டரின் அளவுமானி முள்ளைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம், பேசவில்லை. மறுநாள் விசாரித்தபோது, முந்தைய நண்பகலில் உபரியாக இருந்த சூரிய மின்சாரத்தைக் கொண்டுசெல்லப் பாதையும் தேக்கிவைக்க இடமும் இல்லாததால், உற்பத்தியைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள் என்று தெரிந்தது. பகலில் வேண்டாமென்று விடப்பட்டதில் ஒரு துளி, மாலையில் என் தாயாருக்கு மூச்சாகியிருக்கும்.

ஆகவே வேண்டுகிறேன்: ஒரு நிலையத்தை மூடும் ஆண்டை அறிவிக்கும்போது, அதற்கு மாற்றான மின்பாதையும் மின்சேமிப்பும் இயங்கத் தொடங்கும் ஆண்டையும் அதே தாளில் எழுதுங்கள்.

இது செய்யக்கூடியதே. 2016 செப்டம்பரில் தென் ஆஸ்திரேலிய மாநிலம் முழுவதும் மின்சாரமின்றி இருண்டது. மறு ஆண்டு முடிவதற்குள் அங்கே 100 மெகாவாட் மின்கலத் தொகுப்பு இயங்கத் தொடங்கியது. நிலக்கரியைக் கைவிடும் முடிவை 2015-இலேயே அறிவித்த பிரிட்டன், கடலில் காற்றாலைகளைக் கட்டிக்கொண்டே வந்து, 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலையத்தை மூடியது. ஆனாலும் அங்கே பெரும்பாலான நேரங்களில் மின்சாரத்தின் சந்தை விலையை எரிவாயு நிலையங்களே தீர்மானித்ததால், 2022-இல் எரிவாயு விலை ஏறியபோது மக்களின் மின்கட்டணமும் கூடவே ஏறியது. பழைய எரிபொருளே பாதுகாப்பு என்போரையும் நான் ஏற்கவில்லை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் எரிவாயு வழங்கலும் உறைந்து முடங்க, மக்கள் நாள்கணக்கில் குளிரிலும் இருளிலும் கிடந்தார்கள்.

புதுப்பிக்கத்தக்க மின்திறனை 2030-க்குள் மும்மடங்காக்க 2023-இல் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டில் நாடுகள் உறுதி கூறின. ஒரு சூரியப் பூங்காவை ஓரிரு ஆண்டுகளில் எழுப்பிவிடலாம். உயரழுத்த மின்பாதைக்கோ நிலம், அனுமதி, வழக்கு என்று பத்தாண்டுகள்கூட ஆகிவிடுகின்றன. இந்தக் கணக்கு எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தாமதித்தால் அதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின்சாரம் நின்றால் வசதியுள்ளவர் டீசல் ஜெனரேட்டர் வாங்கிக்கொள்வார்; நீங்கள் குறைத்த கார்பனில் ஒரு பங்கு அந்தப் புகையாகத் திரும்பி வரும். வசதியற்றவர், புதிய கட்டுமானங்களுக்கான செலவைக் கட்டணத்தில் சுமந்துகொண்டு இருளிலும் இருப்பார்.

சொற்கள் கடுமையாகிவிட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். மாற்றின் ஆண்டையும் சேர்த்து அறிவிப்பைத் திருத்தி வெளியிடுங்கள். முதல் சில யூனிட்டுகளின் கட்டணத்தை, எளியோர் செலுத்தக்கூடிய அளவிலேயே வைத்திருங்கள். மருத்துவக் கருவிகளை நம்பியுள்ள வீடுகளைப் பதிவுசெய்து, மின்தடைக்கு முன் அவர்களுக்காவது ஒரு மணி நேர முன்னறிவிப்பு கிடைக்கச் செய்யுங்கள். இதற்குப் புதிய மின்பாதை எதுவும் தேவையில்லை, இந்த வாரமே தொடங்கலாம்.

பணிவுடன்,
ஒரு மின்நுகர்வோர்