பழைய சோறும் எட்டுச் சுற்றும்

மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று ராத்திரி போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவே இல்லை. "ரெண்டு மாசமா பீரியட்ஸ் வரலம்மா, ஓடுறதுக்கு வசதியாத்தான் இருக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போனை வைத்த பிறகுதான் நீ முன்னே சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தேன். மூன்று மாதமாகச் சோற்றைத் தொடவில்லை. ராத்திரிக்கு வெள்ளரிக்காயும் தயிரும். வாரத்தில் ஐந்து நாள் பெங்களூரு கப்பன் பூங்காவில் ஓட்டம். எடை 4 கிலோ குறைந்தது என்று வேறு சந்தோஷமாகச் சொன்னாய். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், உன் உடம்பு பட்டினி கிடக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே. நீ தெரிந்துகொண்டே ஆக வேண்டிய விஷயம் இது. ஓடிச் செலவழிக்கிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உடம்பு தன் வேலைகளில் சிலதை நிறுத்தி வைக்கும். பெண்களுக்கு அதில் மாதவிலக்கும் ஒன்று. கூடவே ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையும், எலும்பு மெலியும், முழங்காலுக்குக் கீழேயும் பாதத்திலும் எலும்பில் கீறல் விழும். உன் வயதுதான் எலும்பு கெட்டிப்பட வேண்டிய வயது. 2014இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவே இதைப் பற்றித் தனியாக அறிக்கை வெளியிட்டது. பதக்கத்துக்கு ஓடுகிறவர்களுக்குத்தான் வரும் என்று இருந்துவிடாதே. உன்னையும் என்னையும் போல ஆசைக்கு ஓடுகிறவர்களுக்கும் வரும். அதனால் இந்த வாரமே ஒரு மகளிர் நல மருத்துவரைப் போய்ப் பார். ஓடுவதையும் சோற்றை விட்டதையும் மறைக்காமல் சொல்லு. இரண்டு மாதமாக வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம், அதையும் அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

என் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. நான் 51 வயதில் ஓட ஆரம்பித்தது தெரியும். அப்பா ஸ்கூட்டரில் தெப்பக்குளத்தில் இறக்கிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் சுடிதாரும் ஷூவும் போட்டுக்கொண்டு, யாராவது தெரிந்தவர்கள் வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்து ஓடுவேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆறு மாதமாகியும் மூன்றாவது சுற்றில் கால் கல்லாகிவிடும், மூச்சு மேலே ஏறும், கண் இருட்டும். வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறினாலே நெஞ்சு படபடக்கும். மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். "வயசாகுதில்லம்மா, நடந்தா போதும்" என்று அனுப்பிவிட்டார். நானும் அதை நம்பி இரண்டு மாதம் ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் வேறொருவரிடம் போனபோதுதான் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறையக் கூடாது. எனக்கு 9.4. காரணம் என்னவென்று யோசித்தால் வேறெங்கும் போக வேண்டாம், என் தட்டிலேயே இருந்தது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டு, கையைக் கழுவின ஈரம் காய்வதற்குள் டீ குடித்த பழக்கம் முப்பது வருஷம். சாப்பாட்டோடு டீ போனால் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. போதாததற்கு ஓட்டம் வேறு. ஓடும்போது பாதம் தரையில் மோத மோத சிவப்பணுக்களும் கொஞ்சம் உடையும். மாத்திரை மூன்று மாதம் சாப்பிட்டேன். டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன். வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை, எலுமிச்சை பிழிந்து. எலுமிச்சையில் இருக்கிற வைட்டமின் சி சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உள்ளே போகும். முக்கியமாக, எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சூடாகச் சாப்பிட ஆரம்பித்தேன். எட்டாவது சுற்றை முடித்த அன்றைக்கு அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். சோறு குண்டாக்கும் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் காலை ஐந்து மணிக்கு எழுந்து 10 கிலோமீட்டர் ஓடுகிறவர்களை மனசில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் எடைக்கு 10 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 500 கலோரி செலவாகும். அதில் பெரும்பங்கு தசையில் சேர்ந்திருக்கிற மாவுச்சத்திலிருந்து வருகிறது. அது சோறும் களியும் இட்லியும் போட்டு வைக்கிற சேமிப்பு. அதைக் காலி பண்ணிவிட்டு ஓடினால் கால் கனக்கத்தான் செய்யும். 2019இல் வியன்னாவில் 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தாரே கென்யாக்காரர் எலியூட் கிப்சோகே, அவர் ஊரில் தினமும் சாப்பிடுவது என்ன தெரியுமா? உகாலி. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிண்டி இறக்குகிற களி. கையால் பிட்டு, கீரையோடு தொட்டுச் சாப்பிடுகிறார்கள். கென்யாவின் பெரிய ஓட்டக்காரர்கள் சாப்பாட்டில் முக்கால் பங்கு இந்த மாதிரி மாவுச்சத்துதான். உன் ஆச்சி கிண்டின கேழ்வரகுக் களிக்கு அண்ணன் தங்கை உறவு அது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேலே கால்சியம் வேறு இருக்கிறது, உன் எலும்புக்கு இப்போது அதுவும் வேண்டும்.

ஓடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம் சாப்பிடு. எனக்குச் சிறுமலைப் பழம், உன் ஊரில் ஏலக்கி கிடைக்கும். வெறும் வயிற்றில் ஓடாதே. பையில் கோவில்பட்டி கடலைமிட்டாய் இரண்டு வைத்துக்கொள். வறுத்த கடலையும் வெல்லமும்தான் அதில், உனக்கு வேண்டியது அவ்வளவும் அதிலே இருக்கிறது. 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மிட்டாய்தான். ஓடும்போது உறிஞ்சுவதற்கு என்று நீ காட்டின அந்தப் பசை மாதிரி எனர்ஜி ஜெல் பாக்கெட்டுக்கு 10 கிலோமீட்டரில் வேலையே இல்லை.

ஓடி வந்த பிறகு பழைய சோறு. சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், ஆனால் எனக்கு இதைவிட நல்லது தெரியாது. ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைத்துவிடுவேன். காலையில் மூடியைத் திறந்தால் இலேசாகப் புளித்த வாசனை வரும், பருக்கை ஊறி வெளுத்துப் பருத்திருக்கும். முதலில் அந்த நீராகாரத்தை மட்டும் ஒரு சொம்பில் வடித்து, கல்லுப்பு நாலு போட்டு நின்றுகொண்டே குடிப்பேன். வியர்வையில் போன உப்பும் தண்ணீரும் திரும்புவது நாக்குக்கே தெரியும். அப்புறம் கெட்டித் தயிர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கட்டைவிரலால் நசுக்கிப் போட்டு, மோர்மிளகாய் ஒன்று. கூட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பாசிப்பயறோ சேர்த்துக்கொள், தசைக்கு அது வேண்டும். பெங்களூரு குளிரில் புளிக்க நேரமாகும், அதனால் ராத்திரி எட்டு மணிக்கே தண்ணீர் ஊற்றிவிடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குப் பருத்திப்பால். தெப்பக்குளம் ஓரத்தில் தள்ளுவண்டிக்காரர் பெரிய பாத்திரத்தின் மூடியைத் திறந்தால் சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்து மூக்கில் ஏறும். இன்றைக்கு எட்டுச் சுற்றும் முடித்து வியர்வை காயாமல் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். மைய மண்டபத்துக்குப் பின்னால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டம்ளர் விளிம்பில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது, அதை விரலால் வழித்துச் சாப்பிட்டேன். அப்பா தன் டம்ளரில் பாதியை எனக்கு ஊற்றினார். ஓட ஆரம்பித்ததால்தான் பாப்பா எனக்கு இந்தப் பசியும் ருசியும் கிடைத்தது. நீ ஓடி முடித்துவிட்டு, இன்னும் எவ்வளவு சாப்பிடாமல் இருக்கலாம் என்று கணக்குப் பார்க்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டத்தை விடு என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். மருத்துவர் கொஞ்ச நாள் குறைக்கச் சொன்னால் மட்டும் குறைத்துக்கொள். இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பந்தயத்தில் ஓடலாம்.

கடலைமிட்டாய், மோர்மிளகாய், கேழ்வரகு மாவு எல்லாம் கட்டி வைத்துவிட்டேன். பார்சலில் அனுப்பவில்லை, நானே கொண்டு வருகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில், சனிக்கிழமை காலையில் வந்துவிடுவேன். அதற்குள் மருத்துவரிடம் நாள் கேட்டு வை, கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம். வெள்ளிக்கிழமை கொஞ்சம் கூடவே சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றி வை. என் ஷூவையும் எடுத்து வருகிறேன்.

அம்மா